இன்டர்ரெக் மானியம்: பட்ஜெட்டில் சறுக்காமல் விண்ணப்பிக்க

ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைப்புற ஊர்கள் பக்கத்து நாட்டோடு சேர்ந்து வேலை செய்ய 1990 முதல் இன்டர்ரெக் நிதி கிடைத்து வருகிறது. இப்போது ஓடுவது 2021–2027 சுற்று. அதன் செலவுகளை 2029 டிசம்பர் 31 வரை கணக்கில் காட்டலாம். ஒவ்வொரு எல்லைக்கும் தனித் திட்டம், தனி விதிநூல். உங்கள் மாவட்டம் எந்தத் திட்டத்தின் வரைபடத்துக்குள் வருகிறது என்று முதலில் பாருங்கள். பக்கத்துத் திட்டத்தின் படிவத்தைப் பார்த்து எழுதினால் வேலை வீண்.

அடுத்தது யோசனை. எல்லை இருப்பதாலேயே வந்த பிரச்சினையாக அது இருக்க வேண்டும். ஜெர்மனியின் கெர்லிட்ஸும் போலந்தின் ஸ்கொஷெலெட்ஸும் ஒரே ஆற்றின் இரு கரை. ஒரு கரையில் விபத்து நடந்தால் மறுகரை ஆம்புலன்ஸ் எப்படி வருவது என்பது இரு பக்கமும் சேர்ந்தால்தான் தீரும். இரண்டு ஊரிலும் ஆளுக்கொரு பூங்கா என்பது அப்படியல்ல. எதிர்க்கரைக் கூட்டாளியின் பெயரை யோசனையிலிருந்து அடித்துவிட்டுப் படியுங்கள். அப்போதும் வேலை நடக்கும் என்று தோன்றினால் மதிப்பீட்டாளருக்கும் அப்படித்தான் தோன்றும். அதே எல்லையில் முன்பு எவற்றுக்குப் பணம் கொடுத்தார்கள் என்பதைக் கீப்.ஈயூ தரவுத்தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

கூட்டாளிகள் குறைந்தது இரண்டு நாடுகளிலிருந்து வேண்டும். அவற்றில் ஒன்றாவது ஒன்றிய உறுப்பு நாடு. செய்யப்போகும் வேலையை எல்லோரும் சேர்ந்து வகுப்பதும் சேர்ந்து நடத்துவதும் கட்டாயம். ஊழியர், நிதி இரண்டில் ஒன்றாவது பொதுவாக இருக்க வேண்டும். மானிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது முதன்மைக் கூட்டாளி. பணம் அவர் கணக்குக்கு வந்துதான் மற்றவர்களுக்குப் பிரியும். ஒரு கூட்டாளியின் செலவு பின்னால் செல்லாது என்று ஆனாலும் அந்தப் பணத்தைத் திரட்டித் திருப்பிக் கட்ட வேண்டியவர் அவர்தான். நல்ல யோசனை நம்முடையது என்பதற்காகச் சிறிய சங்கம் இந்தப் பொறுப்பை ஏற்கக் கூடாது. நகராட்சியையோ பல்கலைக்கழகத்தையோ முன்னே விடுங்கள்.

பலரும் சறுக்குவது பட்ஜெட்டில். செலவுக்கு ஆறு தலைப்புகள்: ஊழியர், அலுவலகம், பயணம், வெளி நிபுணர் சேவை, கருவிகள், கட்டுமானம். ஊழியர் செலவில் அலுவலகத்துக்கு 15 சதவீதம் வரை, பயணத்துக்கு 15 சதவீதம் வரை பில் இல்லாமலே பெற வழி உண்டு. உங்கள் திட்டம் எந்த விகிதங்களை அனுமதிக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊழியருக்கு 1,00,000 யூரோ என்றால் அலுவலகம் 15,000, பயணம் 15,000. நிபுணர் 60,000, கருவி 10,000 சேர்த்தால் மொத்தம் 2,00,000. மானியம் பெரும்பாலும் 80 சதவீதம் வரை. மீதி 40,000 நீங்கள் போட வேண்டியது. இன்னொரு வழி, ஊழியர் செலவில் 40 சதவீதத்தை மற்ற எல்லாவற்றுக்குமாக வாங்கிக்கொள்வது. இந்தக் கணக்கில் அது 40,000தான், தேவையோ 1,00,000, ஆகவே உதவாது. ஆய்வு, பயிற்சி போல ஆள்பலத்தில் ஓடும் வேலைக்கே அது பொருந்தும்.

விகிதத்தில் பணம் வாங்கிய பிறகு மின்கட்டணத்தையோ கணக்கரின் சம்பளத்தையோ நிபுணர் சேவையில் நுழைக்காதீர்கள். ஒரே செலவுக்கு இரண்டு முறை பணம் என்று தணிக்கையில் வெட்டிவிடுவார்கள். நேர்மாறாக, வெளி நிபுணரின் விமானச் சீட்டு பயணத் தலைப்பில் வராது, அது நிபுணர் சேவையில்தான். 50 யூரோவுக்கு மேற்பட்ட பரிசுப்பொருள், அபராதம், நாணய மாற்று நஷ்டம் எதற்கும் பணம் கிடையாது. தன் நாட்டு நாணயமான ஸ்லோட்டியில் செலவழிக்கும் போலந்துக் கூட்டாளி இந்த நாணய மாற்று நஷ்டத்தைக் கவனிக்க வேண்டும்.

பணம் முன்னால் வராது, செலவழித்த பிறகே வரும். இதைப் படித்தும் மறந்துபோகிறவர்கள் அதிகம். மேலே சொன்ன பட்ஜெட் இரண்டு ஆண்டுக்கு என்றால் ஆறு மாதத்துக்கு 50,000. ஆறு மாதம் முடிந்து கணக்குக் கொடுத்தால் சரிபார்ப்புக்கு மூன்று மாதம் வரை போகும். பிறகு முதன்மைக் கூட்டாளி எல்லோர் கணக்கையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அதன் பின் 80 நாள் வரை. முதல் 40,000 கைக்கு வருவதற்குள் இன்னொரு 50,000 செலவாகியிருக்கும். ஆக, சுமார் 1,00,000 யூரோ சுழற்சிப் பணமோ வங்கிக் கடன் ஏற்பாடோ இல்லாமல் இறங்கக் கூடாது. முன்பணம் தரும் திட்டங்களும் சில உண்டு, விதிநூலில் தேடுங்கள்.

இவ்வளவு தாங்காத சங்கங்களுக்குச் சிறுதிட்ட நிதி இருக்கிறது. அங்கே 1,00,000 யூரோவுக்கு மேற்படாத உதவிகளில் எளிய செலவுக் கணக்கே (மேலே சொன்ன விகிதம் போல, பில்லுக்குப் பதில் முன்பே வகுத்த கணக்கு) விதி. பில் கட்டுகள் வெகுவாகக் குறையும்.

பல திட்டங்கள் விண்ணப்பத்தை ஜெம்ஸ் என்ற மென்பொருளில் வாங்குகின்றன. கூட்டாளிகள் தனித்தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும், முதன்மைக் கூட்டாளி அவர்களுக்குத் திருத்தும் உரிமை கொடுக்க வேண்டும். பெட்டிகளுக்கு எழுத்து வரம்பு உண்டு. இருமொழி கேட்கும் திட்டத்தில் இரண்டு மொழியிலும் ஒரே செய்தி இருக்கிறதா என்று சரிபாருங்கள்; ஒன்றில் 12 பயிலரங்கு, மற்றதில் 10 என்று விட்டுவிடுவது வழக்கமான தவறு. சமர்ப்பிக்கும் முன் உள்ள சோதனைப் பொத்தானை ஒரு வாரம் முன்பே அழுத்திப் பாருங்கள். பணப் பங்களிப்புக்கான உறுதிமொழிக் கடிதத்தில் சட்டப்படி கையெழுத்திடும் உரிமை யாருக்கு என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். நகராட்சி மன்றத் தீர்மானம் வேண்டுமென்றால் அதற்கு மாதங்கள் ஆகும்.