படம் வரையும் முன் ஒரு வாக்கியம்: எல்லோருக்கும் புரியும், பொய் சொல்லாத டாஷ்போர்டு செய்வது எப்படி?

ஒரு உதவி மையத்துக்கு மாதாமாதம் எத்தனை புகார் வருகிறது என்று காட்டும் டாஷ்போர்டு செய்திருந்தேன். மாதத்துக்கு ஒரு பட்டை. 390 புகாருக்குள் இருந்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு. கூட வேலை பார்ப்பவர் ஒருவர் ஒருநாள் என் மேசைக்கு வந்து, "இதுல எது பச்சை, எது சிவப்புன்னு எனக்குப் பிரிச்சுப் பார்க்க வரலைங்க. கொஞ்சம் வாயால சொல்லிடுங்களேன்" என்றார்.

"ஜனவரியிலிருந்து மே வரைக்கும் எல்லாமே சிவப்பு. ஜூன்ல பாதியாக் குறைஞ்சிடுச்சு, அது மட்டும் பச்சை."

"இன்னிக்குத் தேதி பதினஞ்சுதானே ஆகுது?"

சொன்ன வாக்கியம் தப்பு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மே மாதம் 31 நாளில் 445 புகார். ஜூனில் முதல் 14 நாளில் 212. நாள் கணக்கில் பார்த்தால் மேயில் 14.4, ஜூனில் 15.1. புகார் குறையவே இல்லை, கூடியிருந்தது. இரண்டு வாரமாக அந்தப் பச்சைப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் யாருக்கும் இது தோன்றவில்லை. நிறம் பிரித்துப் பார்க்க முடியாத ஒருவருக்காக வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் வெளியே வந்தது.

எல்லோருக்கும் புரியும்படி செய்வதையும் நேர்மையாகச் செய்வதையும் அன்றிலிருந்து நான் ஒரே வேலையாகத்தான் பார்க்கிறேன். கீழே வரும் படிகளை எக்செல், கூகுள் ஷீட்ஸ், பவர் பிஐ எதில் வேண்டுமானாலும் செய்யலாம்.

படி 1: முதலில் வாக்கியம், பிறகு படம்

சார்ட் பொத்தானை அழுத்தும் முன் ஒரு வெற்றுத் தாளில் இரண்டு விஷயம் எழுதுங்கள். இதைப் படிப்பவர் என்ன முடிவு எடுக்கப் போகிறார்? அதற்கு இந்தத் தரவு சொல்லும் பதில் என்ன? பதிலை, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போல முழு வாக்கியமாக எழுதுங்கள்.

என் டாஷ்போர்டுக்கு அந்த வாக்கியம் இப்படி இருந்திருக்க வேண்டும்: "மே மாதம் 445 புகார் வந்தது, ஏப்ரலைவிட 25 அதிகம். ஜூன் 14 வரை 212. நாள் சராசரி மேயைவிடச் சற்றுக் கூடியிருக்கிறது."

எண், காலம், எதோடு ஒப்பிடுகிறோம் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. வாக்கியம் எழுத வரவில்லை என்றால் அந்தப் படம் தேவையில்லை என்று அர்த்தம். ஒரே பக்கத்தில் பன்னிரண்டு சார்ட் வைக்கும் ஆசை இந்தப் படியிலேயே அடங்கிவிடும். எழுதிய வாக்கியத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், படி 6-ல் வேண்டும்.

படி 2: தரவில் ஓட்டை தேடுங்கள்

2020 அக்டோபர் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, ஒரு வார காலத்தில் 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் சேராமல் போனதாக அறிவித்தது. ஆய்வகங்களிலிருந்து வந்த கோப்புகளைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றியதுதான் காரணம். அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைதான் கொள்ளும். அதற்கு மேல் வந்தது சத்தமில்லாமல் வெட்டுப்பட்டது. அந்த நாட்களில் வெளியான எண்களைப் பார்த்தவர்களுக்கு ஏதோ விடுபட்டிருக்கிறது என்று தெரிய வழியே இல்லை.

மூலக் கோப்பில் எத்தனை வரிசை, உங்கள் அறிக்கையில் எத்தனை வரிசை என்று எண்ணி ஒப்பிடுங்கள். இரண்டு நிமிட வேலை, ஒவ்வொரு முறையும் செய்யுங்கள்.

அடுத்தது வெற்றுக் கட்டம். ஒரு நாள் தகவல் வரவில்லை என்பதும், அன்று புகாரே வரவில்லை என்பதும் ஒன்றல்ல. வெற்றிடத்தை 0 என்று நிரப்பாதீர்கள். லைன் சார்ட்டில் அந்த இடத்தில் கோடு அறுந்து நிற்கட்டும், பக்கத்தில் "தகவல் இல்லை" என்று எழுதுங்கள். இன்னும் முடியாத மாதமாக இருந்தால் அந்தப் பட்டையைச் சாய்கோடு போட்டு வேறுபடுத்தி, "14 நாள் மட்டும்" என்று அதன் மேலேயே எழுதுங்கள். தரவு எந்தத் தேதி வரைக்குமானது என்பது தலைப்புக்குக் கீழேயே இருக்க வேண்டும். தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 03/04 என்பதை ஒருவர் மார்ச் 4 என்பார், இன்னொருவர் ஏப்ரல் 3 என்பார்.

படி 3: கண் சரியாக அளக்கும் படத்தைத் தேர்ந்தெடுங்கள்

வில்லியம் கிளீவ்லண்ட், ராபர்ட் மெகில் என்ற இருவர் 1984-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே அளவுகோலின் மேல் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை நம் கண் நன்றாகவே அளக்கிறது. நீளத்தையும் ஓரளவு சரியாக அளக்கிறது. கோணத்திலும் பரப்பிலும் தடுமாறுகிறது. பார் சார்ட்டில் யாரும் சட்டென்று ஒப்பிட்டுவிடுவதும், பை சார்ட்டில் 23 சதவீதத்துக்கும் 27 சதவீதத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் திணறுவதும் இதனால்தான். இரண்டு மூன்று பங்குகள், அதில் ஒன்று மிகப் பெரியது என்றால் பை சார்ட் போதும். மற்றபடி பார் சார்ட்டுக்குப் போங்கள். தமிழில் பெயர்கள் நீளமாக வரும் என்பதால் பட்டைகளைப் படுக்கையாகப் போடுவது நல்லது. சாய்த்து எழுதிய தமிழைப் படிக்கக் கழுத்து வலிக்கும்.

பார் சார்ட்டுக்கு ஒரு விதி உண்டு: அச்சு, அதாவது ஓரத்தில் எண்கள் வரும் அளவுகோல், 0-வில் தொடங்க வேண்டும். ஏன் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். போன காலாண்டில் 92, இந்தக் காலாண்டில் 95. அச்சை 90-ல் தொடங்கினால் முதல் பட்டை 2 அலகு உயரம், இரண்டாவது 5 அலகு. பார்ப்பவருக்கு இரண்டரை மடங்காகிவிட்டது போலத் தெரியும். உண்மையான வளர்ச்சி வெறும் 3.3 சதவீதம். எண்கள் எல்லாம் சரியாகவே எழுதப்பட்டிருக்கும், ஆனாலும் படம் பொய். பட்டையில் நாம் படிப்பது நீளத்தை, அந்த நீளத்தில் பெரும்பகுதியை வெட்டிவிட்டோம். சில மென்பொருள்கள் தாமாகவே அச்சை நடுவில் தொடங்கிவிடும். கூகுள் ஷீட்ஸில் சார்ட் அமைப்புக்குள் போய், எண்கள் வரும் அச்சின் குறைந்தபட்ச மதிப்பை 0 என்று நீங்களே கொடுத்துவிடுங்கள்.

லைன் சார்ட்டுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அங்கே நாம் ஏற்ற இறக்கத்தைப் படிக்கிறோம். உடல் வெப்பநிலையை 0-விலிருந்து வரைந்தால் காய்ச்சலே தெரியாது. அச்சு எங்கே தொடங்குகிறது என்று தெளிவாக எழுதினால் போதும். ஆனால் இடப்பக்கம் ஓர் அச்சு, வலப்பக்கம் வேறோர் அச்சு என்று இரண்டு கோடுகளை ஒரே படத்தில் வைக்கும் வழக்கத்தை ஆரம்பத்திலேயே விட்டுவிடுங்கள். அச்சுகளை நீட்டிச் சுருக்கி, எந்த இரண்டு கோட்டையும் ஒன்றோடொன்று பிணைந்து போவது போலக் காட்டிவிடலாம். இரண்டு தனிப் படமாக மேலும் கீழும் வையுங்கள்.

காலம் காலமாகவே ஓட வேண்டும் என்பது எழுதத் தேவையில்லாத விஷயம் என்று நினைத்திருந்தேன். ஆனால் 2020 மே மாதம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை வெளியிட்ட கொரோனா படத்தில் தேதிகள் முன்பின்னாக இருந்தன. பட்டைகள் உயரமானதிலிருந்து குட்டையானதற்கு அடுக்கப்பட்டிருந்ததால், தொற்று சீராக இறங்கி வருவது போலத் தெரிந்தது. கண்டனம் எழுந்த பிறகு திருத்தினார்கள். அளவுப்படி வரிசைப்படுத்தும் வசதியை வகைகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள், தேதிகள் மேல் அதைத் தொடாதீர்கள்.

படி 4: சதவீதத்துக்குப் பின்னால் இருக்கும் எண்ணைக் காட்டுங்கள்

"புகார்கள் 100 சதவீதம் அதிகரித்தன" என்பது 3 புகார் 6 ஆனதாகவும் இருக்கலாம், 300 புகார் 600 ஆனதாகவும் இருக்கலாம். சதவீதம் எழுதும் ஒவ்வோர் இடத்திலும் மொத்தம் எத்தனையில் என்று சேர்த்து எழுதுங்கள்.

சராசரியிலும் கவனம் வேண்டும். 10 புகார்களில் 9 தலா 2 மணி நேரத்தில் தீர்ந்தன, ஒன்று மட்டும் 100 மணி நேரம் இழுத்தது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 11.8 மணி நேரம். அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட 11.8 மணி நேரம் காத்திருக்கவில்லை. இடைநிலை அளவு, அதாவது வரிசையாக அடுக்கினால் நடுவில் வருவது, 2 மணி நேரம். அதையும், கூடவே மிக நீண்ட காத்திருப்பு 100 மணி நேரம் என்பதையும் எழுதுங்கள். அந்த ஒருவரை மறைத்துவிட்டால் அதுவும் நேர்மை இல்லை.

படி 5: நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்

சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு உண்டு. பெண்களில் 200 பேரில் ஒருவருக்கு. மற்ற மக்களிடையே விகிதம் மாறினாலும், இருபது முப்பது பேர் படிக்கும் அறிக்கை என்றால் ஒருவராவது இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அவராக வந்து சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம்.

பச்சை-சிவப்புக்குப் பதில் நீலமும் ஆரஞ்சும் எடுங்கள். அதோடு "இலக்கைத் தாண்டியது" என்று எழுத்திலும் எழுதுங்கள், அல்லது ஒன்றுக்கு வட்டம், இன்னொன்றுக்கு முக்கோணம் என்று வடிவத்தை மாற்றுங்கள். பல கோடுகள் உள்ள படத்தில் நிறக்குறிப்புப் பெட்டியை எடுத்துவிட்டு, கோடு முடியும் இடத்திலேயே அதன் பெயரை எழுதுங்கள். நன்றாகப் பார்வை உள்ளவருக்கும் இது வசதிதான், பெட்டிக்கும் கோட்டுக்கும் கண் அலைய வேண்டாம்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டுக்கு இணைய அணுகல் வழிகாட்டுதலான டபிள்யூசிஏஜி அளவு வைத்திருக்கிறது: சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. 2018-ல் வந்த 2.1 பதிப்பு, படத்தைப் புரிந்துகொள்ளத் தேவையான கோடு, பட்டை போன்றவற்றுக்கும் 3:1 வேண்டும் என்கிறது. வெள்ளைமேல் கறுப்பு 21:1. வெள்ளைமேல் தூய மஞ்சள் கோடு 1.1:1-ஐக்கூடத் தாண்டாது. இதைக் கணக்கிட்டுச் சொல்லும் இலவசக் கருவிகள் இணையத்தில் நிறைய உண்டு. இன்னும் எளிய வழி, பக்கத்தைக் கறுப்பு-வெள்ளையில் அச்செடுப்பது. எது எது என்று தெரியவில்லை என்றால் நிறத்தை மட்டும் நம்பியிருக்கிறீர்கள்.

படி 6: வாக்கியத்தைத் திரும்ப எடுங்கள்

பார்வையற்றவர்கள் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் என்விடிஏ, ஜாஸ், வாய்ஸ் ஓவர் போன்ற திரைவாசிப்பான் மென்பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள். சார்ட் அந்த மென்பொருளுக்கு வெறும் படம். ஆல்ட் டெக்ஸ்ட் எனப்படும் மாற்று உரையை நீங்கள் எழுதினால்தான் அது பேசும். "பார் சார்ட்" என்று மட்டும் எழுதினால் கேட்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. படி 1-ல் எழுதிய வாக்கியத்தை இங்கே வையுங்கள்: "ஜனவரி முதல் ஜூன் 14 வரை வந்த புகார்கள், பார் சார்ட். மே 445, இதுவரை அதிகம். ஜூன் முதல் 14 நாளில் 212."

இப்போது படத்தையும் வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படம் "குறைந்தது" என்கிறது, வாக்கியம் "கூடியது" என்கிறதா? படத்தைத்தான் மாற்ற வேண்டும்.

டாஷ்போர்டில் இன்னொரு சிக்கல் உண்டு. தரவு தினமும் மாறும், நீங்கள் எழுதிய மாற்று உரை மாறாது. ஜூலையிலும் அது "மே இதுவரை அதிகம்" என்றே வாசிக்கும். பார்வையுள்ளவருக்குப் புதிய எண், பார்வையற்றவருக்குப் பழைய எண் என்றால் அது பெரிய அநியாயம். பவர் பிஐயில் மாற்று உரையைக் கணக்கீட்டோடு இணைத்துவிடலாம், எண்கள் தாமாகப் புதுப்பிக்கப்படும். ஷீட்ஸில் வாக்கியத்தை ஒரு கட்டத்தில் சூத்திரமாக எழுதி, எண்களைத் தரவிலிருந்தே எடுத்து, படத்துக்கு மேல் எல்லோருக்கும் தெரியும்படி வையுங்கள். மாற்று உரையில் எண் எதுவும் இல்லாமல், "விவரம் மேலே உள்ள வாக்கியத்தில்" என்று சொல்லிவிடலாம்.

ஒவ்வொரு படத்துக்கும் கீழே அதன் எண்களை அட்டவணையாகவும் கொடுங்கள். அதில் கட்டங்களை ஒன்றிணைக்க வேண்டாம், திரைவாசிப்பான் வழிதவறிவிடும்.

படி 7: மௌஸ் இல்லாமல், ஃபோனில்

மௌஸை ஒதுக்கிவிட்டு டேப் விசையால் மட்டும் பக்கத்தைச் சுற்றி வாருங்கள். வடிகட்டிகளைத் திறக்க முடிகிறதா, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று திரையில் தெரிகிறதா? மௌஸை மேலே வைத்தால் மட்டும் தெரியும் எண், விசைப்பலகையில் வேலை செய்பவருக்கும் தொடுதிரையில் பார்ப்பவருக்கும் கிடைக்காமலே போகலாம். முக்கியமான எண்ணை அங்கே ஒளித்து வைக்காதீர்கள். பிறகு எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கி, எதுவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறதா என்று பாருங்கள். அறிக்கையைப் பிடிஎஃப்பாகக் கொடுப்பதென்றால் அச்செடுக்கும் வழியில் போகாமல் "சேமி" வழியாக எடுங்கள். தலைப்பு, அட்டவணை போன்ற கட்டமைப்பு அப்போதுதான் கோப்பில் தங்கும்.

கடைசியாக, இந்தத் தரவைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் திரையைக் கொடுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். "இது என்ன சொல்லுதுன்னு ஒரு வரியில சொல்லுங்க" என்று மட்டும் கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வாக்கியத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் படி 3-க்குத் திரும்புங்கள்.

என் புகார் டாஷ்போர்டில் மாதக் கணக்கைக் கீழே இறக்கிவிட்டு, நாள் சராசரியை மேலே வைத்தேன். ஜூன் பட்டையில் சாய்கோடு, அதன் மேல் "14 நாள் மட்டும்". பச்சை, சிவப்பு இரண்டும் போயின. அதே நண்பரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கூடிட்டிருக்கே, யாராவது கவனிக்கிறாங்களா?" என்று கேட்டார்.