பெயரை மறைத்தால் போதுமா? முகம் தெரியாதவர்களிடம் மனக்குறை கொட்டும்போது நடக்கும் தவறுகள்

எழும்பூரில் ரயில் ஏறி, விழுப்புரம் தாண்டுவதற்குள் எதிர் சீட்டுக்காரரிடம் குடும்பக் கதை முழுவதையும் சொல்லி முடிக்கிறவர்கள் நம் ஊரில் எப்போதும் உண்டு. சொன்னவர் திருச்சியில் இறங்கிவிடுவார். கேட்டவர் மதுரைக்குப் போய்விடுவார். யாருக்கும் நஷ்டமில்லை. இணையத்தில் புலம்பும்போதும் அதே சௌகரியம் இருப்பது போலத்தான் தோன்றும். முகம் தெரியாது, பெயர் தெரியாது, எதிராளி முகம் சுளிப்பதும் தெரியாது. அதனால் நேரில் சொல்லத் தயங்குவதெல்லாம் தானாக வந்து விழும். ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004-ல் இந்தக் கட்டவிழ்ப்பைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

மனசு ஆறக் கொட்டுவதில் தப்பே இல்லை. கொட்டும்போது கூடவே போகிற விவரங்கள்தான் பிற்பாடு வீடு தேடி வருகின்றன. அவற்றை மட்டும் வடிகட்டத் தெரிந்துகொண்டால் பாதித் தொல்லை வராது.

பெயரை எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைப்பது

ஒரு மாதிரிப் பதிவைப் பார்ப்போம்:

"எனக்கு 29 வயசு. சிறுசேரியில ஐடி வேலை. கல்யாணம் ஆகி 14 மாசம். மாமியார் ரிட்டயர்டு ஹெச்.எம். போன ஞாயித்துக்கிழமை நாத்தனார் வளைகாப்புல, எங்கம்மா கொண்டு வந்த சீர்த்தட்டைப் பாத்து 'இதுக்குத்தான் இத்தனை பேரா'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாங்க."

ஒரு பெயர்கூட இல்லை. ஆனால் அந்த வளைகாப்புக்கு வந்த அறுபது பேரில் யார் படித்தாலும் முதல் வாசிப்பிலேயே ஆள் தெரிந்துவிடும். முன்பின் தெரியாதவர் கண்டுபிடிப்பார் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அவருக்கு நீங்கள் யாரென்று தெரிந்துகொள்ள அவசியமே இல்லை. கண்டுபிடிக்கிறவர் பெரும்பாலும் ஒன்றுவிட்ட சித்தி மகளாகவோ பழைய ஆபீஸ் தோழியாகவோதான் இருப்பார். ஆளை அடையாளம் காண எவ்வளவு கொஞ்சம் போதும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு, இந்த மூன்றை மட்டும் வைத்தே அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று கணினி அறிஞர் லதான்யா ஸ்வீனி 2000-ல் காட்டினார். மேலே உள்ள பதிவில் மூன்றல்ல, ஆறேழு விவரங்கள் இருக்கின்றன.

அதில் மிகவும் காட்டிக்கொடுப்பது எது? வயதும் அல்ல, சிறுசேரியும் அல்ல. மாமியார் சொன்ன அந்த வாக்கியம்தான். ஒருவர் வாயிலிருந்து வந்த சொற்களை அப்படியே எழுதுவது கைரேகை வைப்பது மாதிரி. கேட்டவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

அதையே இப்படி எழுதலாம்:

"புகுந்த வீட்டு விசேஷத்துல எங்க வீட்டு ஆளுங்களை எல்லார் முன்னாடியும் குறைச்சுப் பேசிட்டாங்க. வீட்டுக்காரர் பக்கத்துலதான் நின்னார், ஒண்ணும் சொல்லல. சண்டை ஆகாம இதை அவர்கிட்ட எப்படி ஆரம்பிக்கிறது?"

வலி குறையவில்லை. சொல்லப்போனால், முதல் பதிவில் விட்டுப்போன உண்மையான குறை, அதாவது கணவர் வாய் திறக்காதது, இதில்தான் வெளியே வந்திருக்கிறது. வளைகாப்பு 'விசேஷம்' ஆனது. நாள் போய்விட்டது. மாமியாரின் வேலை போய்விட்டது. 29 என்பதற்கு 'இருபதுகளில்' என்றால் போதும். சம்பவம் நடந்த அன்றே போடாமல் இரண்டு மூன்று வாரம் கழித்துப் போட்டால் தேதியை வைத்துக் கோத்துப் பார்க்கவும் முடியாது.

ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது: வரப்போகிற ஆலோசனையைத் தீர்மானிக்கும் விவரம். கூட்டுக்குடும்பமா தனிக்குடித்தனமா, கையில் சம்பளம் உண்டா இல்லையா, குழந்தை இருக்கிறதா என்பதில் பொய் சொன்னால், வேறு யாருடைய வாழ்க்கைக்கோ பதில் வாங்கி வந்து நம் வீட்டில் பொருத்திப் பார்த்த கதையாகும்.

பழைய நம்பரில் புது ஐடி

'ஃபேக் ஐடிதானே' என்ற தைரியத்தில் செய்யும் தவறு இது. தினமும் பயன்படுத்தும் மொபைல் எண்ணையே கொடுத்து இரண்டாவது இன்ஸ்டாகிராம் கணக்கு திறப்பார்கள். கான்டாக்ட்ஸ் பார்க்க அனுமதி கேட்டதும் சரி என்று தட்டிவிடுவார்கள். உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருக்கும் அத்தை மகளுக்கு 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று அந்த ரகசியக் கணக்கே போய் நிற்கும். தனி மின்னஞ்சலில் திறங்கள். எண் கொடுக்காதீர்கள். கான்டாக்ட்ஸ் அனுமதியை மறுத்துவிடுங்கள். உங்கள் கணக்கை மற்றவர்களுக்குப் பரிந்துரைக்கும் வசதியை ப்ரொஃபைல் அமைப்புகளில் அணைத்துவிடுங்கள். கிரிக்கெட் சண்டைக்கும் சமையல் குறிப்புக்கும் பயன்படுத்திய அதே பயனர்பெயரை இங்கேயும் வைக்க வேண்டாம். கூகுளில் ஒரு தடவை தேடினாலே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காரும்.

வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தாலே உங்கள் எண் மற்ற உறுப்பினர்கள் பார்வைக்குப் போய்விடும். மனக்குறை சொல்ல அது சரியான இடமில்லை. டெலிகிராமில் தனியுரிமை அமைப்புக்குப் போய், எண்ணை யார் பார்க்கலாம் என்பதில் 'யாருமில்லை', எண்ணை வைத்து யார் கண்டுபிடிக்கலாம் என்பதில் 'என் தொடர்புகள்' என்று வைத்த பிறகே குழுவுக்குள் நுழைய வேண்டும். ஃபேஸ்புக் குழுக்களில் அனானிமஸாகப் போடும் வசதி உறுப்பினர்களிடமிருந்துதான் பெயரை மறைக்கும், அட்மினிடமிருந்து அல்ல. குடியிருப்பு சங்கக் குழுவில் செயலாளரைப் பற்றி அனானிமஸாக எழுதுமுன், அட்மின் யாரென்று பார்த்துக்கொள்வது நல்லது.

ரெட்டிட் மாதிரி இடங்களில் வேறொரு சிக்கல். ஒவ்வொரு பதிவிலும் கொஞ்சம்தான் சொல்லியிருப்பீர்கள். ஆனால் ஐடியைத் தட்டினால் இரண்டு வருடப் பதிவுகளும் வரிசையாக வரும். ஒன்றில் ஊர், ஒன்றில் படிப்பு, இன்னொன்றில் வளர்க்கும் நாயின் பெயர். கூட்டிப் பார்த்தால் முழு ஆள். பெரிய விஷயம் என்றால் அதற்கென்று ஒரு ஐடி, முடிந்ததும் அதை மூடிவிடுவது, இதுவே உத்தமம்.

சாட்சிக்குப் படம் போடுவது

நம்ப மாட்டார்களோ என்ற தவிப்பில் ஸ்க்ரீன்ஷாட் போடுகிறோம். பெயரை மட்டும் அடித்துவிட்டு டிபி-யை விட்டுவிடுவார்கள். இல்லையென்றால் மேலே வந்து நின்ற இன்னொரு நோட்டிஃபிகேஷனை விட்டுவிடுவார்கள். மருத்துவமனை ரிப்போர்ட்டில் பெயரை மறைத்து பார்கோடையும் நோயாளி எண்ணையும் அப்படியே விடுவார்கள்.

மறைக்கும் விதத்திலும் கோளாறு உண்டு. போன் எடிட்டரில் இருக்கும் ஹைலைட்டர், மார்க்கர் வகைப் பேனாக்கள் முழுக்க ஒளிபுகாதவை அல்ல. அதனால் கருப்பு அடித்த இடத்தில் பிரகாசத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் ஏற்றினால் அடியில் உள்ள எழுத்து தெரிய வாய்ப்புண்டு. எண்களை மங்கலாக்குவதும் நம்பத்தக்கதல்ல. நிறம் நிரப்பிய சதுரத்தை மேலே வைத்து, அந்தப் படத்தை மறுபடி ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அதைப் போடுங்கள். கேமராவில் எடுத்த படத்தில் இடக்குறிப்பு பதிந்திருக்கலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது உதிர்ந்துவிடும், 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போகும்.

பணம் போன ஆத்திரத்தில் பொதுவில் கூவுவது

உடனடி நஷ்டம் வருவது இங்கேதான். வங்கியையோ ரயில்வேயையோ எக்ஸ் தளத்தில் டேக் செய்து, 'பணம் கட் ஆயிடுச்சு, டிக்கெட் வரலை' என்று டிக்கெட் படத்தோடு போடுகிறீர்கள். பி.என்.ஆரின் 10 இலக்கமும், சில சமயம் மொபைல் எண்ணும் அதில் இருக்கும். இந்த மாதிரிப் பதிவுகளைத் தேடுவதையே தொழிலாக வைத்திருக்கிறார்கள். சில நிமிடத்தில் வங்கியின் லோகோவைப் போட்ட ஒரு கணக்கு, 'சிரமத்துக்கு வருந்துகிறோம், இந்த எண்ணை அழையுங்கள்' என்று பதில் போடும். அழைத்தால், ரீஃபண்ட் அனுப்ப ஒரு ஆப் இறக்கச் சொல்வார்கள். அது உங்கள் திரையைத் தூரத்திலிருந்து பார்க்க உதவும் எனிடெஸ்க் போன்ற ஒன்று. ரிசர்வ் வங்கி இதைப் பற்றி 2019-லேயே எச்சரித்தது. அல்லது யுபிஐ ஆப்பைத் திறக்கச் சொல்லி, 'பின் போட்டால் பணம் ஏறிவிடும்' என்பார்கள். பணம் வாங்க பின் தேவையே இல்லை. பின் கேட்டாலே பணம் போகப்போகிறது என்று அர்த்தம்.

பதில் போட்ட கணக்கு எப்போது திறக்கப்பட்டது, எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று பாருங்கள். நீலக் குறியைக் காசு கொடுத்தே வாங்கலாம், அதை நம்ப வேண்டாம். எண்ணை வங்கி அட்டையின் பின்புறத்திலிருந்தோ பாஸ்புக்கிலிருந்தோ எடுங்கள். ரயில் குறைக்கு 139 இருக்கிறது. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம். ஏமாந்துவிட்டது தெரிந்த நிமிடமே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுமுன் நிறுத்தி வைக்க அதுதான் வழி. பதிவு எழுதுவதெல்லாம் அப்புறம்.

இன்பாக்ஸுக்கு வரும் அன்பு

பதிவின் கீழே ஆறுதல் சொல்கிறவரும், பத்தே நிமிடத்தில் 'சிஸ்டர், நானும் இதையே அனுபவிச்சேன், இன்பாக்ஸ் வாங்க' என்கிறவரும் ஒன்றல்ல. இரண்டாமவர் சீக்கிரமே வாட்ஸ்அப்புக்கு இழுப்பார். தினமும் காலை வணக்கம் வரும், 'சாப்பிட்டீங்களா' வரும். அவசரமே காட்ட மாட்டார். பிறகு ஒரு நாள் முதலீட்டு ஆப், அல்லது ஒரு படம், அல்லது ஒரு பரிகாரம். கணவன் மனைவி சண்டை என்று எழுதினால் வசியக்காரர் வருவார். கடன் தொல்லை என்று எழுதினால், 'பிராசஸிங் ஃபீ மட்டும் ஜிபே பண்ணுங்க, லோன் இன்னிக்கே' என்பவர் வருவார். இன்னும் கேவலமாக, சிறுநீரகத்துக்குக் கோடி ரூபாய் என்று பதிவுக் கட்டணம் கேட்கிறவரும் வருவார். உறுப்பு விற்பது 1994 சட்டப்படி குற்றம் என்பதால் ஏமாந்தவர் போலீசுக்குப் போகக் கூசுவார் என்பதே அவர்கள் கணக்கு. ஒரே விதி போதும்: பேச்சு பொதுவில் நடக்கட்டும். தனியே வரச் சொல்பவரிடம், 'இங்கேயே சொல்லுங்க, மத்தவங்களுக்கும் உதவும்' என்று எழுதுங்கள். பெரும்பாலும் அதோடு ஆளைக் காணோம்.

'உண்மையைத்தானே எழுதினேன்'

பெயர் போட்டுத் திட்டுகிறவர்கள் எல்லோரும் சொல்வது இதைத்தான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ம் பிரிவில் அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல் உண்டு. எழுதியது உண்மை என்பது மட்டும் போதாது, பொது நன்மைக்காக எழுதப்பட்டிருக்கவும் வேண்டும். மேனேஜரின் குணத்தைப் பற்றிய பதிவில் பொது நன்மையை நிரூபிப்பது சுலபமில்லை. விவாகரத்து வழக்கு நடக்கிறதா? குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், 1984-ன் 14-வது பிரிவு, தகராறைத் தீர்க்க உதவும் என்று நீதிமன்றம் கருதும் எந்த ஆவணத்தையும் ஏற்க இடம் தருகிறது. ராத்திரி கோபத்தில் எழுதிய நாலு வரி எதிர்த்தரப்பு வக்கீலின் வழக்குக் கட்டுக்குள் இருக்கும்.

நம் கஷ்டத்தில் பாதி அடுத்தவர் கதையாகவும் இருக்கிறது. பிள்ளையின் மார்க், அப்பாவின் மறதி நோய், தங்கையின் கருச்சிதைவு. இதெல்லாம் சொல்ல உரிமை யாருக்கு என்று ஒரு கணம் நிற்க வேண்டும். பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தை விஷயத்தில் இது நாகரிகம் மட்டுமல்ல, சட்டம். பெயர், முகவரி, படம், பள்ளி, குடும்ப விவரம், அக்கம்பக்கம் எதையும் எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது என்கிறது போக்சோவின் 23-ம் பிரிவு. நியாயம் கேட்டுக் கொதித்துப் போய் பள்ளியின் பெயரோடு பதிவைப் பகிர்கிற நல்லவர்கள்தான் இதில் அதிகம் தவறுகிறார்கள்.

கேள்வியே இல்லாமல் கேட்பது

'என்ன பண்றதுன்னே தெரியலை' என்று முடித்தால் வருகிறவர்கள் தத்தம் பழைய காயத்திலிருந்து பதில் சொல்வார்கள். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டவர்களுக்கு 'பிரிஞ்சுடு', 'வேலையை விடு' என்பது சுலபம், வாடகை அவர்கள் கட்டப்போவதில்லை. ஆலோசனை வேண்டாம் என்றால் முதல் வரியிலேயே 'கேட்டால் போதும்' என்று எழுதிவிடுங்கள். வேண்டுமென்றால் ஒரே ஒரு கேள்வி. இரவு பதினொரு மணிக்கு மேல் எழுதியதை டிராஃப்டில் வைத்து, காலை காபிக்குப் பிறகு படியுங்கள். வெறுமனே இறக்கி வைப்பதுதான் நோக்கம் என்றால் போடவே வேண்டியதில்லை. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980-களில் செய்த ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் தினம் 15 நிமிடம், நான்கு நாள், எங்கும் வெளியிடாத தாளில்தான் எழுதினார்கள். அதிலேயே பலன் தெரிந்தது.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வரும் இரவு இந்தக் கணக்கில் சேராது. அப்போது வடிகட்டி எழுத உட்கார வேண்டாம், லைக்குக்கும் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். தற்கொலைத் தடுப்பு அமைப்பான சென்னை ஸ்நேகா 044-24640050. இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767.

தெரிந்தவர் கண்ணில் பட்டுவிட்டால்

பதறி எல்லாவற்றையும் அழித்தால், எழுதியது நீங்கள்தான் என்று நீங்களே சொன்னதாகிவிடும். யார் பார்த்தார், எவ்வளவு பார்த்தார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மிரட்டல் ஏதாவது வந்திருந்தால், அழிக்கும் முன் அந்தச் செய்தியையும் கணக்கின் முகவரியையும் தேதியோடு சேமித்து வைக்க வேண்டும், புகாருக்கு அதுதான் வேண்டும். அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டினால் ஸ்டாப்என்சிஐஐ தளத்தில் படத்தை ஏற்றாமலேயே அதன் எண்முத்திரையை (படத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் அடையாளக் குறியை) மட்டும் கொடுத்து, அதில் சேர்ந்துள்ள தளங்களில் பரவாமல் தடுக்க முடியும், 18 வயது நிரம்பியவர்களுக்கு. வெறும் சித்தி மகள்தான் என்றால், 'நீதானே அது?' என்று அவள் கேட்குமுன் ஒரு போன் போட்டுப் பேசிவிடுவது மேல். அவள் அம்மாவிடம் சொல்வதற்குள்.