சிலாஜிசம் வினாக்களில் மதிப்பெண்ணை இழக்காமல் இருக்க

பல வங்கித் தேர்வுகளின் முதல்நிலையில் 35 ரீசனிங் (தர்க்கத் திறன்) வினாக்களுக்கு 20 நிமிடங்களே கிடைக்கின்றன. தவறான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் குறைக்கப்படுவதால், சிலாஜிசத்தில், அதாவது கொடுத்த கூற்றுகளிலிருந்து எந்த முடிவு உறுதியாகும் என்று கேட்கும் வினாக்களில், ஊகத்தை நம்பி விடையளிப்பது பெரும் இழப்பு. கூற்று நடைமுறை உண்மைக்கு முரணாக இருந்தாலும் அதை அப்படியே ஏற்று, ஒவ்வொரு பொருள்வகைக்கும் ஒரு வட்டமாக, ஒன்றையொன்று வெட்டும் பகுதியை மிகக் குறைவாக வைத்து வட்டங்களை வரைய வேண்டும்.

"எல்லாப் பேனாக்களும் பென்சில்கள், சில பென்சில்கள் புத்தகங்கள்" என்று கொடுக்கப்பட்டால், பேனாவுக்கும் புத்தகத்துக்கும் நேரடித் தொடர்பு எதுவும் சொல்லப்படவில்லை. ஆகவே "சில பேனாக்கள் புத்தகங்கள்" என்பதும், "எந்தப் பேனாவும் புத்தகம் அல்ல" என்பதும் தனித்தனியே உறுதியாகா. ஆனால் இவ்விரண்டில் ஏதேனும் ஒன்று உண்மையாகியே தீர வேண்டும் என்பதால், "இரண்டில் ஒன்று" என்பதே சரியான விடை. நன்றாகப் படித்தவர்கள்கூட "இரண்டும் பொருந்தாது" எனக் குறித்துவிடுவது இங்கேதான். "எல்லாம்" என்பதும் "சில அல்ல" என்பதும் இதே போன்ற மற்றோர் இணை. முடிவுகள் இரண்டும் அதே இரு பொருள்களைப் பற்றியவையா, தனித்தனியே உறுதியாகாதவையா என்று பார்த்த பிறகே இவ்விடையைத் தேர்ந்தெடுங்கள்.

"எல்லாப் பேனாக்களும் புத்தகங்களாக இருக்கக்கூடும்" என்று கேட்டால், கூற்றுகளை மீறாத ஒரு படம் வரைய முடிந்தாலே போதும், அது சரி.

"ஒன்லி எ ஃபியூ" (சில மட்டுமே) என்ற சொற்றொடரில் கூடுதல் கவனம் தேவை: அது சில உண்டு, சில இல்லை என்னும் இரண்டையும் ஒருசேர உறுதிப்படுத்துகிறது; எனவே "ஒன்லி எ ஃபியூ பேனாக்கள் புத்தகங்கள்" என்றால், அதே வரிசையில் "எல்லாப் பேனாக்களும் புத்தகங்கள்" என்ற சாத்தியத்துக்கு இடமே இல்லை.