சாவி முருகனிடம் இருக்கிறது: பிள்ளைகள் உள்ள வீட்டில் துப்பாக்கி வைப்போர் செய்யும் தவறுகள்

மலேசியாவில், பினாங்கின் நிபோங் திபால் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் செம்பனை நிலம் இருக்கிறது. இளங்கன்றுகளைக் காட்டுப்பன்றிகள் தோண்டித் தின்றுவிடும் என்பதற்காக அப்பா ஒரு ஷாட்கன் வைத்திருந்தார். அவருக்குப் பிறகு நானே விண்ணப்பித்து லைசென்ஸ் எடுத்தேன். 12 போர் அளவு, இரட்டைக் குழல். இரும்புப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டி, சாவியைச் சாமி மேடையில் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். பல வருடம் அதே இடம்தான். அதைவிடப் பத்திரமான இடம் வீட்டில் ஏது என்ற நினைப்பு.

ஒரு பள்ளி விடுமுறையில் மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். ஸ்டோர் ரூம் சாவியைக் காணோம் என்று என் மனைவி வீடெல்லாம் தேடிக்கொண்டிருந்தபோது, ஐந்தரை வயதுப் பேத்தி தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: “துப்பாக்கி சாவி முருகன்கிட்ட இருக்கு பாட்டி. உங்க சாவி எங்கன்னு தெரியல.”

யாரும் எதையும் திறக்கவில்லை, ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்று மருமகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். காலையில் விளக்கேற்றிவிட்டு நான் படத்தை நகர்த்துவதைப் பிள்ளை என்றைக்கோ பார்த்திருக்கிறாள். ஒரு தடவை பார்த்தால் போதும் அவர்களுக்கு.

நம் நாட்டில் துப்பாக்கி உள்ள வீடுகள் குறைவு. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி போலீஸ் லைசென்ஸ் இல்லாமல் ஒன்றையும் வைத்திருக்க முடியாது. ஏர் கன் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் காற்றுத் துப்பாக்கியும் அந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறது. தற்காப்புக்கென்று கைத்துப்பாக்கி வைத்திருப்போர் மிகச் சிலர். தோட்டத்துக்காக ஷாட்கன் வைத்திருப்போர், குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் இருப்போர் என்று இன்னும் சிலர். ஆள் குறைவு என்பதாலேயே இதைப் பற்றி நாம் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. அப்பா எப்படி வைத்தாரோ அப்படியே மகனும் வைக்கிறான்.

ஒளித்து வைப்பது பூட்டுவது ஆகாது

என் தவறு இதுதான். பெட்டகம் பூட்டியிருந்தது உண்மை, ஆனால் சாவி ஒளித்துத்தான் வைக்கப்பட்டிருந்தது. அப்படியென்றால் துப்பாக்கியே ஒளித்து வைக்கப்பட்டிருந்தது என்றுதான் கணக்கு. அலமாரியின் மேல்தட்டு, அரிசி டின்னுக்குள், மெத்தைக்கு அடியில், பட்டுப் புடவைகளுக்கு நடுவே என்று நமக்குத் தோன்றும் இடங்களெல்லாம் பிள்ளைகளுக்கும் தோன்றும். தீபாவளிக்கு வாங்கி வைத்த முறுக்கு டின்னை எங்கே வைத்தாலும் கண்டுபிடிக்கும் கூட்டம் அது.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஒரு கிராமப்புறக் கிளினிக்கில் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியாக விசாரித்து எழுதிய ஓர் ஆய்வு 2006இல் வந்தது. எல்லாம் துப்பாக்கி உள்ள வீடுகள். “எங்கே இருக்கிறது என்று என் பிள்ளைக்குத் தெரியாது” என்று சொன்ன பெற்றோரில் 39 விழுக்காட்டினரின் பிள்ளைகள், இடம் தெரியும் என்றார்கள். “என் பிள்ளை அதைத் தொட்டதே இல்லை” என்று சொன்னவர்களில் 22 விழுக்காட்டினரின் பிள்ளைகள், தொட்டிருக்கிறோம் என்றார்கள். நானும் அந்த 39இல் ஒருவன்தானே.

சாவி என்றால் அது உங்கள் உடம்போடு இருக்க வேண்டும், அல்லது எண் பூட்டாக இருக்க வேண்டும். நான் எண் பூட்டுக்கு மாறிவிட்டேன். ஆனால் அந்த எண் உங்கள் கார் நம்பராகவோ பேரப்பிள்ளையின் பிறந்த தேதியாகவோ இருந்தால் மறுபடி முருகன் படத்துக்குப் பின்னால்தான் நிற்கிறீர்கள். எண்ணை அழுத்தும்போது பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். நாம் தட்டுவதை ஒருமுறை பார்த்தே கைப்பேசியைத் திறந்துவிடுகிறவர்கள் அவர்கள்.

கைரேகைப் பெட்டகம் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வாங்கலாம், ஆனால் மலிவு சரக்கை நம்பாதீர்கள். 2023இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் சுமார் 61,000 கைரேகைப் பெட்டகங்கள் திரும்பப் பெறப்பட்டன. பதிவு செய்யாத விரலுக்கும் அவை திறந்தன. 12 வயதுப் பையன் ஒருவன் உயிரிழந்த பிறகு வந்த அறிவிப்பு அது. எதை வாங்கினாலும், உங்கள் விரலைப் பதிந்த பிறகு மனைவி, மகன், பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லோரையும் விரல் வைக்கச் சொல்லிப் பாருங்கள். பேட்டரியை அவ்வப்போது மாற்றுங்கள். சின்னப் பெட்டகம் என்றால் சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்குங்கள், இல்லையென்றால் திருடன் பெட்டகத்தோடு தூக்கிக்கொண்டு போவான்.

“சொல்லி வளர்த்திருக்கிறோம், தொட மாட்டான்”

இதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு என்பேன், ஏனென்றால் இது நல்ல பெற்றோர் செய்யும் தவறு. அட்லாண்டாவில் 8 முதல் 12 வயது வரையுள்ள 64 பையன்களை இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் விட்டு, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கவனித்தார்கள். மேசை இழுப்பறைகளில் தண்ணீர்த் துப்பாக்கிகளும், தோட்டா இல்லாத நிஜக் கைத்துப்பாக்கி ஒன்றும் இருந்தன. 48 பேர் நிஜத்தைக் கண்டுபிடித்தார்கள். 30 பேர் கையில் எடுத்தார்கள். 16 பேர் விசையை இழுத்தார்கள். எடுத்தவர்களில், இழுத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஏற்கெனவே யாரோ துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றிச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்! 2001இல் வெளிவந்த இந்த ஆய்வில் இன்னொன்றும் உண்டு. கண்டுபிடித்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அதைப் பொம்மை என்று நினைத்தார்கள், அல்லது நிஜமா பொம்மையா என்று தெரியாமல் குழம்பினார்கள். தீபாவளிக்குப் பொட்டு வெடித் துப்பாக்கி வாங்கிக் கொடுத்து, “டிஷ்யூம்” என்று நாமே செத்து விழுந்து காட்டுகிறோம். அவர்கள் குழம்பாமல் என்ன செய்வார்கள்?

சின்னக் கைக்கு விசையை இழுக்கப் பலம் வராது என்றும் நம்பாதீர்கள். 1995இல் வந்த ஓர் ஆய்வுப்படி, மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளில் நான்கில் ஒருவருக்குப் பெரும்பாலான கைத்துப்பாக்கிகளின் விசையை இழுக்கும் விரல் பலம் இருக்கிறது. ஏழெட்டு வயதில் பத்தில் ஒன்பது பேருக்கு.

அதற்காகச் சொல்லிக் கொடுக்க வேண்டாம் என்று இல்லை. எங்கே பார்த்தாலும் நில், தொடாதே, அங்கிருந்து விலகு, பெரியவரிடம் சொல். இவ்வளவு போதும். வந்து சொல்கிற பிள்ளையைத் திட்டாதீர்கள், திட்டினால் அடுத்த முறை சொல்லாது. ஆனால் இந்தப் பாடம் பூட்டுக்குத் துணைதான். பூட்டு செய்ய வேண்டிய வேலையைப் பிள்ளையின் தலையில் கட்டக் கூடாது.

தோட்டா இல்லை என்ற நம்பிக்கை

என்னிடம் இருப்பது போன்ற, நடுவில் மடங்கித் திறக்கும் மடக்குத் துப்பாக்கியில் சந்தேகத்துக்கு இடம் குறைவு. மடக்கினால் இரண்டு குழல் வழியாகவும் வெளிச்சம் தெரியும். பம்ப் வகை அப்படியில்லை. குழலில் இருந்த தோட்டாவை எடுத்துவிட்டு “காலி” என்று சொல்லும் பலர், கீழே உள்ள நீளக் குழாயில் இன்னும் இரண்டு மூன்று இருப்பதை மறந்துவிடுகிறார்கள். பம்பை ஒருமுறை இழுத்துத் தள்ளினால் அடுத்தது மேலே ஏறிவிடும். கைத்துப்பாக்கியில் இதே தவறு தலைகீழாக வரும். தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள், குழலுக்குள் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கும். கண்ணால் பாருங்கள், பிறகு விரலை விட்டுத் தடவியும் பாருங்கள். இருட்டில், களைப்பில் கண் ஏமாற்றும்.

சேஃப்டி கேட்ச் போட்டிருக்கிறேன் என்பார்கள். பெரும்பாலான ஷாட்கன்களில் அது விசையை மட்டும்தான் தடுக்கிறது, உள்ளே தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலை அல்ல. பழைய துப்பாக்கி கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று அந்தப் பொத்தான் உத்தரவாதம் தராது. மேலும், அதைத் தள்ளிப் பார்ப்பதுதான் பிள்ளைகளுக்கு முதலில் தோன்றும்.

விசைப் பூட்டு, அதாவது விசையைச் சுற்றி இறுக்கும் சின்னப் பூட்டு, நல்லதுதான். ஆனால் தோட்டா போட்ட துப்பாக்கியில் ஒருபோதும் அதை மாட்டக் கூடாது. மாட்டும்போதே விசையில் பட்டு வெடிக்கலாம்.

தோட்டாக்களைத் தனியாக, வேறு பூட்டில் வையுங்கள். ஒரே பெட்டகத்தில் துப்பாக்கியும் தோட்டாவும் இருந்தால், ஒரு தவறு நடந்தாலே எல்லாம் முடிந்தது. இரண்டு இடம் என்றால் இரண்டு தவறு நடக்க வேண்டும். நான் துப்பாக்கியைப் பிரித்தும் வைக்கிறேன், குழல் ஓரிடம், கட்டை ஓரிடம். மடக்குத் துப்பாக்கியைப் பிரிக்க அரை நிமிடம்கூட ஆகாது. தோட்டாக்களை எண்ணி ஒரு சின்ன நோட்டில் குறித்து வைப்பதும் பழக்கமாகிவிட்டது. லைசென்ஸில் கணக்கு இருப்பதால் போலீசுக்காகத் தொடங்கினேன். இப்போது சட்டைப் பையில் மறந்துபோன ஒரு தோட்டா துணி துவைக்கும் இயந்திரத்துக்கோ பேத்தி கைக்கோ போய்விடாமல் காக்கிறது. தோட்டாவில் இருப்பது ஈயம். சுட்டுவிட்டோ துடைத்துவிட்டோ வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள்.

ராத்திரி திருடன் வந்தால்?

எல்லோரும் கேட்கும் கேள்வி. பிரித்து, பூட்டி, தோட்டாவைத் தனியே வைத்தால் ஆபத்து நேரத்தில் எப்படி எடுப்பது? நேர்மையான பதில், எடுக்க முடியாது என்பதுதான். சிறு பிள்ளைகள் தூங்கும் வீட்டில் நான் அந்தப் பேரத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டேன். திருடன் வருவது எப்போதோ ஒரு நாள், அதுவும் வந்தால்தான். பிள்ளை படுக்கையறைக்குள் வருவது தினமும். கிரில் கதவு, வாசல் விளக்கு, குரைக்கும் நாய், 999 அவசர எண். இவைதான் என் தற்காப்பு. தவிரவும், தோட்டத்துக்காக எடுத்த லைசென்ஸ் தோட்டத்துக்குத்தான். தற்காப்புக்கென்றே லைசென்ஸ் பெற்றவர்கள் விரைவாகத் திறக்கும் பெட்டகத்தைக் கட்டில் பக்கம் போல்ட் போட்டு வைக்கலாம். தலையணைக்கு அடியிலும் இழுப்பறையிலும் வேண்டாம்.

வீட்டில் இவ்வளவு கவனமாக இருப்பவர்கள் வண்டியில் கோட்டை விடுவார்கள். தோட்டத்திலிருந்து திரும்பும்போது ஹைலக்ஸ் பின் இருக்கையில் துப்பாக்கி. வழியில் தே தாரே குடிக்க நிறுத்துகிறோம். வீட்டுக்கு வந்ததும் குளிக்கப் போகிறோம், சாப்பிடுகிறோம். அப்புறம் பேரனைக் கூப்பிட்டு, “ஓடிப் போய் வண்டியிலேருந்து தாத்தா கண்ணாடிய எடுத்துட்டு வாய்யா” என்கிறோம். என் கூட்டாளி ஒருவர் வீட்டில் அப்படித்தான் நடந்தது. பையன் கண்ணாடியை விட்டுவிட்டு மற்றதைத் தூக்கிக்கொண்டு வந்தான். தோட்டா இல்லை, பிழைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை பெட்டகம், குளியல் அப்புறம்.

பினாங்கு ஈரக்காற்று இன்னொரு வம்பு. இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், அதனால் துடைத்து எண்ணெய் போட்டு “கொஞ்சம் காயட்டும்” என்று வெளியே வைக்கிறோம். அந்தக் கொஞ்சம் ஒரு மத்தியானம் ஆகும். பெட்டகத்துக்குள்ளேயே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளைப் போடுங்கள். தோல் உறையில் போட்டுப் பூட்டாதீர்கள், உறையே ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் வீடு நிறைய ஆள். “மாமா, துப்பாக்கிய ஒரு தடவ காட்டுங்களேன்” என்று எவராவது ஆரம்பிப்பார். நானும் ஒரு காலத்தில் காட்டியவன்தான், பெருமை யாரை விட்டது. காட்டினால் அங்கே நிற்கும் பத்துப் பிள்ளைகளுக்கும் இடம் தெரிந்துவிடும். இப்போது “அது பூட்டி இருக்குப்பா, வா சாப்பிடு” என்பதோடு சரி. ஊருக்குப் போகும்போது தெரிந்தவர் வீட்டில் “ரெண்டு நாள் இருக்கட்டும்” என்று கொடுத்துவிட்டுப் போவது இதைவிட மோசம். லைசென்ஸ் இல்லாதவர் கையில் அது இருந்தாலே குற்றம். 1971ஆம் ஆண்டுக் கூடுதல் தண்டனைச் சட்டப்படி சட்டவிரோதமாகச் சுடும் ஆயுதம் வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும் உண்டு. நட்புக்கு இவ்வளவு பெரிய விலை வேண்டாம். முறையாக ஒப்படைத்து வைக்கும் வழியைப் போலீஸ் நிலையத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நாம் பேசவே விரும்பாத ஒன்று. லைசென்ஸ் வைத்திருப்பவர் இறந்துபோனால்? அழுது, காரியம் முடித்து, பெட்டி படுக்கைகளை ஒதுக்கி வைக்கும்போது துப்பாக்கியும் அலமாரியோடு அலமாரியாக ஒதுங்கிவிடுகிறது. அது யாருடையது, எண் என்ன, தோட்டா எங்கே என்று யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் வளர்ந்து ஒருநாள் தாத்தா அறையைக் குடைவார்கள். அப்பா இறந்தபோது பதினாறாம் நாளுக்கு முன்பே போலீசில் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான், பிறகு நான் என் பெயரில் விண்ணப்பம் போட்டேன். என் காலத்துக்குப் பிறகும் அப்படித்தான் நடக்க வேண்டும் என்பதால், லைசென்ஸ் கோப்பின் முதல் தாளில் மகனுக்கு நான்கு வரி எழுதி வைத்திருக்கிறேன்: எதையும் தொடாதே, அறையைப் பூட்டு, போலீஸ் பாலாய்க்கு (நிலையத்துக்கு) போன் பண்ணு, அவர்களே வந்து எடுத்துக்கொள்ளட்டும். பெட்டகத்தின் எண்ணை மட்டும் எழுதவில்லை.