புரோவான்ஸ் கிராமங்கள்: கார் இல்லாமல் 3 நாள்

தென் பிரான்ஸின் கிராமங்களைச் சுற்ற வாடகைக் கார் எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. அங்குள்ள அவிஞோன் நகரில் 3 இரவு தங்குங்கள். கோட்டைச் சுவரை ஒட்டிய பழைய ரயில் நிலையத்திலிருந்து டிஇஆர் என்ற வட்டார ரயிலில் ஆர்ல் நகரம் ஏறக்குறைய 20 நிமிடம்தான். சனிக்கிழமை ஆர்ல் சந்தை, ஞாயிறு லீல்-சூர்-லா-சோர்க் என்ற ஆற்றங்கரை ஊரின் சந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். ரொட்டி, கொஞ்சம் ஆலிவ், ஆட்டுப்பால் சீஸ் வாங்கி, பாசி படிந்த நீர்ச்சக்கரம் மெல்லச் சுழலும் ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டால், அதற்கு எந்த உணவகமும் ஈடாகாது. ஜூலையில் அவிஞோன் நாடக விழா. அறை வாடகை எகிறிவிடும். லாவெண்டர் பார்க்க ஆசையென்றால் ஜூன் கடைசி சரி, இல்லையென்றால் மே அல்லது செப்டம்பர். அப்புறம், ஞாயிறன்று கிராமத்துப் பஸ்கள் குறைவு. திரும்பும் ரயில் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.