ஷிஃப்ட் சார்ட்: கட்டமெல்லாம் சரி, ஆள்தான் வரவில்லை

நோட்டீஸ் போர்டில் ஷிஃப்ட் சார்ட் ஒட்டிய பிறகும் “சார், நாளைக்கு எனக்கு எந்த ஷிஃப்ட்?” என்று சூப்பர்வைசருக்குப் போன் வந்துகொண்டே இருந்தால், கேட்பவரைத் திட்டிப் பயனில்லை. சார்ட் போடுபவர் பகலில் எக்செல் முன்னால் உட்கார்ந்து போடுகிறார். படிப்பவரோ நைட் முடித்த தூக்கக் கலக்கத்தில், வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும்போது படிக்கிறார். தன் பெயர் எங்கே, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வரவேண்டும்: அவர் தேடுவது அவ்வளவுதான்.

முதல் குழப்பம் எழுத்துகளில். காலை 6 முதல் 2 வரை ஏ, 2 முதல் 10 வரை பி, இரவு 10 முதல் 6 வரை சி என்பது மில்களிலும் ஆலைகளிலும் பழகிப்போன முறை. குழுக்களுக்கும் ஏ, பி, சி, டி என்றே பெயர் வைத்தால் “ஏ-வுக்கு இந்த வாரம் சி” என்று ஆகிவிடும். குழுவுக்கு எண் கொடுங்கள். அப்புறம் ‘ஓ’ என்று ஒரு கட்டம் இருக்கும். அது ஓய்வா, ஓ.டி.யா? ‘எம்’ என்றால் போட்டவருக்கு மார்னிங், படிப்பவருக்கு மதியம். சுருக்கெழுத்தே வேண்டாம், “இரவு 10” என்று எழுதக் கட்டத்தில் இடம் இருக்கிறது.

அதிகச் சண்டை வருவது நைட் ஷிஃப்டின் தேதியால்தான். சனி இரவு 10-க்குத் தொடங்கி ஞாயிறு காலை 6-க்கு முடியும் வேலை யார் கணக்கில் சனி, யார் கணக்கில் ஞாயிறு? “ஞாயிறு நைட்” என்று போட்டால் ஒருவர் சனி இரவே வந்து நிற்பார், இன்னொருவர் ஞாயிறு இரவு வருவார். ஷிஃப்ட் இரவு 12 மணிக்குத் தொடங்கும் இடங்களில் இது இன்னும் மோசம். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 57-ஆம் பிரிவு இதற்கு வழி சொல்லியிருந்தது: நள்ளிரவுக்குப் பிந்தைய வேலை நேரம் முந்தைய நாள் கணக்கில் சேரும். ஆகவே ஷிஃப்ட் தொடங்கும் நாளின் கட்டத்தில் போட்டு, “சனி இரவு 10 – ஞாயிறு காலை 6” என்று முழுதாக எழுதுங்கள். பஞ்சிங் மெஷினும் சம்பளப் பட்டியலும் அதே தேதியைப் பின்பற்றுகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் வேலைக்கு வந்தவருக்கு ஆப்சென்ட் விழும்.

கட்டங்களை எண்ணி ஓய்வைக் கணக்கிடுவது அடுத்த தவறு. பார்வைக்குத் தெரியாது என்பதால் இதுதான் ஆபத்தானது என்பேன். சனி நைட் முடித்தவருக்கு ஞாயிறு கட்டத்தில் ‘விடுமுறை’, திங்கள் காலை 6-க்கு ஏ ஷிஃப்ட். தாளில் ஒரு முழு நாள் லீவு. உண்மையில் கிடைப்பது 24 மணி நேரம், அதில் பகல் தூக்கத்திலேயே போய்விடும். அந்தச் சட்டம் கேட்டதும் ஷிஃப்ட் முடிந்ததிலிருந்து தொடர்ந்து 24 மணி நேரம்தான். சட்டப்படி சரி என்பதற்காக அவர் திங்கட்கிழமை தெளிவாக மெஷின் முன் நிற்பார் என்று அர்த்தமில்லை.

வாரத்துக்கு 168 மணி நேரம். மூன்று குழுக்களை வைத்து இடைவிடாமல் ஓட்டினால் ஆளுக்கு 56 மணி வரும். சட்ட வரம்பு 48. நான்கு குழு என்றால் சராசரியாக 42. நான்கு குழுக்களுக்கான 28 நாள் சுற்று ஒன்று உண்டு: 7 காலை, 2 ஓய்வு, 7 மதியம், 2 ஓய்வு, 7 நைட், 3 ஓய்வு. கட்டத்தில் 2, 2, 3 என்று தெரிந்தாலும் மணிக்கணக்கில் மூன்றும் 72-தான். நைட்டுக்குப் பிறகு ஏன் ஒரு நாள் கூடுதல் என்று மற்ற குழுவினர் கேட்டால் இதைச் சொல்லலாம். அந்த 3 நாளை வேறு இடத்துக்கு மாற்றினால் கணக்கு கெட்டுவிடும். சார்ட்டின் ஓரத்தில் “அடுத்த ஷிஃப்டுக்கு இடைவெளி: 72 மணி” என்று ஒரு பத்தி சேர்த்தால் போடுபவருக்கே தவறு கண்ணில் படும்.

நிறம் மட்டும் போட்டுக் குழுவைப் பிரிக்காதீர்கள். ஜெராக்ஸ் எடுத்ததும் எல்லாம் சாம்பல். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்களும் இருக்கிறார்கள். ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் இருந்தால் சூரியன், நிலா படங்களைச் சேர்ப்பது நல்லது. வாட்ஸ்அப்பில் போகும் படத்தின் தலையில் “திருத்தியது: தேதி, நேரம்” கட்டாயம் இருக்கட்டும். பழைய படம் குரூப்பில் மூன்று நாள் கழித்தும் சுற்றும். ஆள் மாற்றிக்கொண்டதைப் பேனாவில் அடித்து எழுதி விட்டுவிடாமல் புதுத் தாளே ஒட்டுங்கள்.

28 நாள் சுற்றுக்கு ஒரு விநோதம் உண்டு. 28-ஐ 13-ஆல் பெருக்கினால் 364. அதாவது அடுத்த வருடம் அதே தேதியில் ஒவ்வொரு குழுவும் கிட்டத்தட்ட அதே இடத்தில், ஒரே ஒரு நாள் தள்ளி நிற்கும். லீப் ஆண்டு குறுக்கிட்டால் இரண்டு நாள். தீபாவளி தேதி மாறும், தப்பித்துவிடலாம். பொங்கலோ ஜனவரி 14 அல்லது 15. இந்தப் பொங்கலுக்கு நைட் பார்த்த குழுவே அடுத்த பொங்கலுக்கும் நைட் பார்க்க வாய்ப்பு அதிகம். வேண்டுமென்றே போட்டார்கள் என்று புகார் கிளம்புவது இங்கேதான். ஆண்டு சார்ட்டைப் போடும்போதே அந்த நான்கு நாளுக்கு எந்தக் குழு எதனோடு மாற்றிக்கொள்ளும் என்று பேசி முடித்து, தனி வரியாக அச்சிட்டுவிடுங்கள்.