பேஸ்மேக்கர் பெட்டி சும்மா இருந்தால் மாத்திரையை நிறுத்தலாமா?

கொசுவத்தி மெஷின் சொருக இடம் வேண்டும் என்று அப்பாவின் கட்டிலோரப் பிளக்கைப் பிடுங்கியது நான்தான். பேஸ்மேக்கர் பதிவுகளை ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் பெட்டியின் பிளக் அது. 12 நாள் கழித்து, "ஐயா ஊர்ல இல்லையா?" என்று டெக்னீஷியன் போனில் கேட்டபோதுதான் உறைத்தது. மொபைல் ஆப் வைத்திருப்பவர்கள் ப்ளூடூத்தை அணைப்பதும் இதே கதைதான்.

பெட்டியை ஆம்புலன்ஸ் என்று நினைப்பது அடுத்த தவறு. பதிவை ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் வேலை நேரத்தில்தான் பார்ப்பார்கள். மயக்கம், நெஞ்சுவலி, வாய் கோணல், பேச்சுக் குழறல் என்றால் உடனே 108.

இதயத்தின் மேலறையில் லீட் (கம்பி) இல்லாத, கீழறையில் மட்டும் ஒற்றை லீட் உள்ள சாதாரண பேஸ்மேக்கரால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை, அதாவது ரத்தம் உறைந்து பக்கவாதம் வர வழி செய்யும் மேலறையின் தாறுமாறான துடிப்பை, நம்பகமாகப் பிடிக்க முடியாது. உங்களுடையது எந்த வகை என்று கேட்டு வையுங்கள். மேலறை லீட் இருந்தாலும், கீழறையின் சிக்னலையும் சேர்த்து எண்ணிவிட்டு 'வேகத் துடிப்பு' என்று கருவி தப்பாகச் சொல்வதுண்டு. அதனால் பதிவான துடிப்பு வரைபடத்தை டாக்டர் கண்ணால் பார்க்காமல் அது நோய் ஆகாது.

ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையில்தான் பெரிய தவறுகள் நடக்கின்றன. இந்தத் தாறுமாறான துடிப்பு சில நிமிடம் பதிவானதைப் பார்த்ததும் மாத்திரை கேட்டு நச்சரிப்பவர்கள் உண்டு. 6 நிமிடம் முதல் 24 மணி நேரம் வரை நீடித்த பதிவுகளை ஆராய்ந்த ஆர்டீசியா ஆய்வில் (2023) அபிக்ஸபான் என்ற அந்த வகை மாத்திரை பக்கவாதத்தைக் குறைத்தது. பெரிய ரத்தக்கசிவைக் கூட்டவும் செய்தது. வயது, சர்க்கரை, பிரஷர், முன்பு பக்கவாதம் வந்ததா என்பதையெல்லாம் சேர்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

எதிர்ப்பக்கத் தவறு இன்னும் ஆபத்து. "மூணு மாசமா ஒண்ணும் வரலையே, நிறுத்திடலாமா?" அப்பாவும் கேட்டார். பதிவு வந்தால் மாத்திரை, வராவிட்டால் நிறுத்தம் என்று டீஃபிப்ரிலேட்டர் (ஆபத்தான துடிப்பை அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் கருவி) பொருத்திய 2,718 பேரிடம் இம்பாக்ட் ஆய்வில் (2015) பார்த்தார்கள்; பக்கவாதமோ ரத்தக்கசிவோ குறையவில்லை. 30 நாளாக எந்தப் பதிவும் இல்லாமலே பக்கவாதம் வந்தவர்களை அசெர்ட் ஆய்வு காட்டியிருக்கிறது. டாக்டர் இதையெல்லாம் விளக்கவில்லை. "பெட்டி பாட்டுக்குப் பெட்டி, மாத்திரை பாட்டுக்கு மாத்திரை" என்றார். அப்பாவுக்கு அது புரிந்தது.